வளர்ச்சியும் கிணற்றுத் தண்ணீரும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

வடக்கின் பொருளாதாரம் ஏன் எழும்பவில்லை என்று நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். போர், புலம்பெயர்வு, கடன் கிடைக்காமை, படித்த பிள்ளைகள் வெளிநாட்டுக்கு ஓடுவது என்று எல்லாவற்றையும் விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். கடைசிப் பந்தியில் மட்டும், சூழல் மாசினால் உற்பத்தித்திறன் வளராமல் கிடப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒற்றை வரி. அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

நான் உயர்தர மாணவர்களுக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். மாசு என்றால் தொழிற்சாலை வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது தொழிற்சாலை? காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது நின்றதுதான். புகை கக்குகிற குழாய் ஒன்றை எனக்குக் காட்டுங்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் வடமாகாணத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்தைக்கூடத் தொடவில்லை. இந்த நிலையில் இங்கே சூழல் பேசுவது, பட்டினி கிடப்பவனிடம் கொழுப்பைக் குறை என்று சொல்வதைப் போல இருக்கிறது.

குஸ்நெட்ஸ் வளைவை நீங்கள் அறிவீர்கள். வருமானம் ஏறும்போது முதலில் மாசு கூடும், ஒரு கட்டத்துக்குப் பிறகு தானாகக் குறையும். பணக்கார நாடுகள் எல்லாம் அப்படித்தான் வந்தன. நாங்களும் முதலில் வளர்வோம், பிறகு துப்புரவாக்குவோம். காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளத்தில் முதலீட்டு வலயங்கள் வரப்போகின்றன என்கிறார்கள். அதையும் சூழல் என்று சொல்லி மறிக்க ஆட்கள் கிளம்புவார்கள். 2021இல் நஞ்சில்லா உணவு என்று சொல்லி இரசாயனப் பசளையைத் தடைசெய்து நாடு பட்ட பாடு போதாதா?

கடைசியாக ஒன்று. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழும்பி, "சேர், எங்கட கிணறு பழுதாப் போனா மொத்த உள்நாட்டு உற்பத்தி குறையுமா, கூடுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அன்புடன்,
ஒரு பொருளியல் ஆசிரியர்,
உரும்பிராய்

*

அன்புள்ள தம்பிக்கு,

அந்தப் பிள்ளையின் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அதுதான் ஆகத் திறமான இடம்.

கூடும். கிணறு பழுதானால் மொத்த உள்நாட்டு உற்பத்தி உடனடியாகக் கூடும். போத்தல் தண்ணீர் வாங்குவீர்கள். வீட்டுக்கு ஆர்ஓ மெசின் பூட்டுவீர்கள், இடைக்கிடை அதன் வடிகட்டியை மாற்றுவீர்கள். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி ஓடும், டீசல் எரியும். பிள்ளைக்கு வயிற்றால் போனால் தனியார் மருத்துவமனையில் காசு கட்டுவீர்கள். எல்லாம் விற்று வாங்கியவை, ஆகவே எல்லாம் கணக்கில் ஏறும். கப்பியில் இழுத்துச் சும்மா குடித்த தண்ணீர் எந்தக் கணக்கிலும் ஏறியதில்லை. அதனால் அது போனதும் எந்தக் கணக்கிலும் இறங்காது. அடுத்த வகுப்பில் அவளைக் கூப்பிட்டு முழுப் புள்ளி போடுங்கள்.

ஆனால் எனக்குக் கவலை அந்தத் தொகையைப் பற்றியல்ல. அதே காணி, அதே ஆள், அதே காசு. இவற்றை வைத்துக்கொண்டு போன வருசத்தைவிட இந்த வருசம் கூட எடுக்கிறோமா என்பதுதான் உற்பத்தித்திறன். வருசா வருசம் அது கொஞ்சமாவது ஏறினால்தான் கூலி ஏறும், ஊர் எழும்பும். மொத்த உற்பத்தி ஏறிக்கொண்டே இருக்கும்போது இது படுத்துக் கிடக்கலாம். எங்கள் தோட்டங்களில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, புகைக்குழாய்க்கு வருவோம். நீங்கள் அண்ணாந்து பார்க்கிறீர்கள். இங்கே மாசு கீழே போகிறது.

குடாநாட்டில் ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கையாற்றை ஆறு என்று சொல்லிக்கொள்வது எங்கள் ஆசைக்கு. பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். அது செம்பாட்டு மண்ணுக்குள்ளால் இறங்கி, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்பிலும் பொந்திலும் தங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்று சுற்றுலா வருபவர்களுக்குக் காட்டுகிறோமே, குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் முழுக்க அந்த ஏற்பாடுதான். நீரியல்காரரின் கோட்பாட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது: நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால், அடியிலுள்ள உவர்நீர் எல்லை நாற்பதடி மேலே வரும். உண்மையான கல்லுக்குள் அது அவ்வளவு ஒழுங்காக நடக்காது என்றாலும், போக்கு அதுதான். இந்த நன்னீர்ப் படையை விட்டால் தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இயற்கை தரும் வேறு தண்ணீர் பெரிதாக இல்லை. நிலம், உழைப்பு, மூலதனம், முயற்சியாண்மை என்று கரும்பலகையில் எழுதுவீர்களே, யாழ்ப்பாணத்தில் மூலதனத்துக்கு நேரே முதலில் எழுத வேண்டியது இதை.

சுண்ணாம்புக்கல் தண்ணீரை வடிகட்டாது, கொண்டுபோய்ச் சேர்க்கும். மேலே எதைக் கொட்டினாலும் கிணற்றுக்கு வரும். யாழ்ப்பாண நகரத்தில் இன்றைக்கும் பொதுவான கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை, வீட்டுக்கு வீடு குழி. இரண்டு பரப்புக் காணியை (ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர்) சதுரமாக வைத்துக்கொண்டால் ஒரு பக்கம் 22 மீற்றரை ஒட்டி வரும். ஒரு மூலையில் கிணற்றையும் எதிர் மூலையில் மலகூடக் குழியையும் வைத்தால்தான் இரண்டுக்கும் இடையில் 30 மீற்றர் கிடைக்கும். அப்போதும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்று வேலியோடு இருக்கும். சகோதரங்களுக்குப் பிரித்து எழுதிப் பிரித்து எழுதிக் காணி சிறுத்த ஊரில் இதைச் சட்டம் போட்டு மாற்ற முடியாது.

தோட்டத்துக்கு வாருங்கள். உங்கள் உரும்பிராய், கோப்பாய், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் என்று நீளும் செம்பாட்டுப் பட்டையில் வெங்காயம், மிளகாய், கிழங்கு, பீற்றூட், புகையிலை என்று மண்ணுக்கு ஓய்வே கிடையாது. இங்குள்ள கிணறுகளில் நைத்திரேற்று எல்லை தாண்டி நிற்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் அளந்து எழுதிவிட்டார்கள். குடிதண்ணீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைப்போல் இரண்டு மடங்கு, 100 மில்லிகிராம் உள்ள கிணறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அளவீடுகளில் அப்படிப்பட்டவையும் வந்திருக்கின்றன.

இப்போது ஒரு கணக்கு, வகுப்பில் செய்யக்கூடியது. அந்தக் கிணற்றின் ஆயிரம் லீற்றர் தண்ணீரில் 100 கிராம் நைத்திரேற்று, அதற்குள் நைதரசன் 22 கிராமுக்குக் கொஞ்சம் மேல். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஆக ஆயிரம் லீற்றர் தண்ணீர் இறைத்தால், 50 கிராம் யூரியாவைத் தூவியதற்குச் சமம். ஒரு போகம் முடிய அரை மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்கிறது என்று வையுங்கள். ஒரு பரப்புக்கு 1,26,000 லீற்றர் வரும். ஆறு கிலோவுக்கு மேல் யூரியா, மோட்டருக்கு அடிக்கும் எண்ணெய்ச் செலவோடு இலவசமாக வந்து பாத்தியில் இறங்குகிறது.

இலவசம் என்றா சொன்னேன்? அந்த நைதரசனுக்கு யாரோ ஒரு தோட்டக்காரர், ஒருவேளை இவரே, முந்தி ஒருமுறை காசு கொடுத்திருக்கிறார். பயிர் எடுத்ததுபோக மிச்சம் இறைப்புத் தண்ணீரோடு கீழே போய்த் திரும்பி வந்திருக்கிறது. கிணற்றில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அளந்து சொல்ல ஆள் இல்லாதபடியால், வழக்கமான அளவு யூரியாவை மறுபடியும் வாங்கிப் போடுகிறார். வெங்காயத்துக்கு நைதரசன் மிஞ்சினால் தாள் செழிக்கும், கழுத்துத் தடிக்கும், முற்றப் பிந்தும். பிடி கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டால் நாள் தாங்காமல் அழுகும். தாங்காத வெங்காயத்தை வைத்திருந்து விலை வர விற்க முடியாது. எல்லாருடைய வெங்காயமும் சந்தைக்கு வந்து குவிகிற அதே கிழமையில், வந்த விலைக்குத் தள்ளவேண்டியதுதான். பசளைக்குக் கூடக் காசு, சரக்குக்குக் குறைந்த விலை. இதில் எந்த இடத்திலாவது மாசு என்று ஒரு பற்றுச்சீட்டு எழுதப்பட்டதா? விதை சரியில்லை, காலநிலை சரியில்லை, தரகர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் பேச்சு இருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கே ஊறியது என்று பார்த்தால் 1970–77 இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் ஒரு பெரிய திருப்பம். வெளி வெங்காயமும் மிளகாயும் வராததால் எங்கள் தோட்டக்காரர் கையில் காசு புரண்ட காலம் அது. இன்னும் இரண்டு மணித்தியாலம் இறை, இன்னும் ஒரு பை போடு, இன்னும் ஒருதரம் மருந்தடி என்பதே முன்னேற்றம் என்று ஆனது. விலை நின்றவரை அது எடுபட்டது. 1977க்குப் பிறகு சந்தை திறந்து விலை விழுந்தபோது, வருமானம் போய் அந்தப் பழக்கம் மட்டும் மிஞ்சியது. இடுபொருளைக் கூட்டிக் கூட்டி எடுத்த விளைச்சலை நாங்கள் வளர்ச்சி என்றோம். அதன் கழிவைத்தான் அடுத்த தலைமுறைக் கிணறுகள் சுமக்கின்றன.

அடுத்தது உழைப்பு. இதில் உலகத்தில் நல்ல அளவீடுகள் உண்டு. கலிபோர்னியாவில் திராட்சையும் நீலநெல்லியும் பறிக்கும் தொழிலாளரின் நாளாந்தப் பறிப்புக் கணக்கை எடுத்து, அன்றன்றைய காற்றிலுள்ள ஓசோன் அளவோடு ஒட்டிப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வு அது. ஓசோன் நூறு கோடிக்கு 10 பங்கு குறைந்தால் ஆள் ஒருவரின் வேலைத்திறன் நூற்றுக்கு 5.5 கூடியது. இத்தனைக்கும் அங்குள்ள அளவு பெரும்பாலும் சட்ட எல்லைக்குக் கீழேதான் இருந்தது. யாரும் மயங்கி விழவில்லை, லீவும் எடுக்கவில்லை. பறித்தது குறைந்தது, அவ்வளவுதான். பிறகு அதே ஆய்வாளர் குழுவினர் பியர்ஸ் பழம் பொதிசெய்யும் ஆலை ஒன்றில் பார்த்தார்கள். வெளிக்காற்றின் நுண்தூசி கட்டடத்துக்குள்ளும் வந்து, உள்ளே கூரைக்குக் கீழே நின்று வேலை செய்பவரின் கையையும் மந்தமாக்கியது. கதவைச் சாத்தினால் தப்பலாம் என்பது சரிவரவில்லை.

எங்கள் ஊரில் ஓசோனை அளந்து பறிப்போடு ஒட்டிப்பார்க்க வேண்டியதில்லை. மருந்தடிக்கிறவரைக் கவனியுங்கள். முதுகில் மருந்துத் தாங்கி, வாயில் ஒரு துவாய், காலில் ஒன்றும் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று நின்று பார்ப்பார், ஆனால் வரம்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் நடக்க வேண்டும். பின்னேரம் தலையிடி, கண் எரிவு. மறுநாள் கூப்பிட்டால் "இண்டைக்கு ஏலாது" என்பார். அந்த ஒரு நாள் அவருடைய கூலியில் போகும், தோட்டக்காரருக்குக் களை முற்றும். கேட்டால் குடிச்சிட்டுப் படுத்திருப்பான் என்பார்கள். சோம்பேறிப் பட்டம் கட்டுவதற்கு எங்கள் ஆட்களுக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை.

காற்றைப் பற்றி ஒரு வரி. புகைக்குழாய் இல்லாத ஊர் என்றீர்கள். கல்லுண்டாய் வெளியில் நகரத்துக் குப்பை எரியும் நாளில் ஆனைக்கோட்டைப் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வடக்கேயிருந்து வந்த மாசுக்காற்றுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடினார்களே, அன்றைக்கும் இங்கே குழாய் இருக்கவில்லை.

சுன்னாகத்தை நீங்கள் உங்கள் கடிதத்தில் சொல்லாமல் விட்டது எனக்குப் புதுமையாக இருந்தது. உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அனல்மின் நிலையத்தை ஒட்டிய ஊர்களின் கிணறுகளில் எண்ணெய் கலந்து, தெருவோரத்தில் கறுத்தத் தாங்கிகள் வைத்து, பவுசர் வர வாளியோடு ஓடிய காலம் நினைவிருக்கும். உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லி, மின்நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு, இந்த நாட்டில் அபூர்வமான தீர்ப்பு. ஆனால் அந்தத் தொகையை ஒரு கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் வீடுகள் மட்டும் என்று வைப்போம். தண்ணீர் காவவும் காத்து நிற்கவும் வீட்டுக்கு நாளொன்றுக்கு அரை மணித்தியாலம். வருசத்துக்கு 1,82,500 மணித்தியாலம். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு நாள் என்றால் ஏறக்குறைய 22,800 ஆள்நாள். நாட்கூலியைக் குறைத்து ஆயிரம் ரூபாய் என்று போட்டாலும் 2 கோடி 28 லட்சம். ஒரே வருசத்தில், காத்து நின்ற நேரம் மட்டும். தோட்டமும் நோயும் காணி விலையும் இதில் இல்லை. அந்த நேரத்தில் பெரும்பாலும் நின்றது பெண்கள், ஆகவே அதைக் கூலியாகக் கணக்கிடவே பலருக்குத் தோன்றாது.

குஸ்நெட்ஸ் வளைவு. சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் பேசியது வருமான ஏற்றத்தாழ்வைப் பற்றி. அந்த வடிவத்தைச் சூழலுக்குக் கொண்டுவந்தவர்கள் 1990களில் குரொஸ்மன், குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள். ஆள்வீத வருமானம் 8,000 டொலரை எட்டுவதற்குள் பெரும்பாலான மாசுகள் இறங்கத் தொடங்குகின்றன என்று கண்டார்கள், அதுவும் 1985ஆம் ஆண்டின் டொலர். இது தானாக நடக்கும் என்று நம்ப இடமில்லை என்றும் அவர்களே எழுதினார்கள். வளைவு பாடக்குறிப்புகளுக்கு வந்த வேகத்தில் அந்த எச்சரிக்கை வந்துசேரவில்லை. நீங்களும் "தானாக" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

அதைவிட எனக்கு முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. லண்டனில் தேம்ஸ் நாறியபோது, 1852இல் ஒரு சட்டம் போட்டு, தண்ணீர்க் கம்பனிகள் டெடிங்டனுக்கு மேலேயிருந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆற்றின் மேற்பகுதி சுத்தமாக இருந்தது, அங்கே போனார்கள். கீழ்ப்பகுதியைத் துப்புரவாக்க இன்னும் நூறு வருசம் எடுத்தும் ஊர் பிழைத்தது. எங்களுக்கு எது டெடிங்டன்? கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் என்றோம், அங்குள்ள விவசாயிகள் எங்கள் வயலுக்கே காணாது என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடைசியில் கடலுக்குப் போனோம். தாளையடியில் 2024இல் திறந்த நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். கடல்நீர் ஒரு கன மீற்றரை நன்னீராக்க மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் வேண்டும். முழுக்க ஓடினால் நாளுக்கு எண்பதாயிரம் அலகை ஒட்டி வரும். மழையும் சுண்ணாம்புக்கல்லும் சும்மா செய்து தந்த வேலைக்கு இனிமேல் மின்பட்டியல். அதுவும் குடிக்க. வெங்காயத்துக்கு அந்தத் தண்ணீரைப் பாய்ச்சக் கட்டாது. அந்த நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் நானும் அதன் குழாயைத்தான் கேட்பேன்.

உலக வங்கி 2019இல் தண்ணீரின் தரம் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆற்றின் மேற்பகுதி மோசமாக மாசுபட்டால், கீழேயுள்ள பிரதேசங்களின் பொருளாதார வளர்ச்சியில் மூன்றிலொரு பங்குவரை போய்விடுகிறது என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று. நடுத்தர வருமான நாடுகளில் பாதியை நெருங்குகிறதாம். எங்களுக்கு ஆறு இல்லாவிட்டாலும், அதே அறிக்கையில் நைத்திரேற்றுப் பற்றியும் இருக்கிறது: குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீரில் லீற்றருக்கு ஒரு மில்லிகிராம் கூடினால், வளர்ந்தபின் சம்பாத்தியம் நூற்றுக்கு ஒன்று இரண்டு குறைகிறது, வளர்ச்சி குன்றும் பிள்ளைகளும் கூடுகிறார்கள். இதை அப்படியே ஐம்பதால் பெருக்காதீர்கள். பெருக்கினால் உரும்பிராயில் ஒருவருக்கும் வருமானமே இருக்கக்கூடாது, உங்கள் ஊரில் எத்தனை மாடிவீடு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு சிறு மாற்றத்தின் விளைவை அந்தளவில்தான் வாசிக்க வேண்டும். ஆனால் திசை தெளிவு. இன்றைக்குப் பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால், அதன் நட்டம் இருபது வருசம் கழித்து ஒரு சம்பளப் பட்டியலில் தெரியும். அப்போது பிள்ளை கெட்டிக்காரன் இல்லை என்று ரியூசன் வாத்தியாரைக் குறை சொல்வார்கள். உங்களையும் சேர்த்துத்தான்.

2021. அந்தத் தடையை நான் ஆதரிக்கவில்லை, அதைச் சூழல் கொள்கை என்றும் சொல்லமாட்டேன். ஏப்ரல், மே மாதத்தில் அறிவித்து, நவம்பரில் கைவிட்ட ஒன்று அது. டொலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்ததும் எல்லாருக்கும் தெரியும். நைதரசன் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை, எவ்வளவு, எப்போது என்பதுதான் கேள்வி. கிணற்றை அளந்து, அதிலுள்ளதைக் கழித்து, மிச்சத்தை இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துப் போட்டு, தண்ணீரையும் அளவோடு விட்டால் கிணற்றுக்குள் போவது குறையும், கைக்காசும் மிஞ்சும். யாரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு வேலையை ஒரு விவசாயப் போதனாசிரியர் ஒரு போகத்துக்குள் ஊரில் செய்துகாட்டலாம். அந்தத் தடையால் நடந்த பெரிய கெடுதி, இனி யூரியாவைக் குறைப்போமா என்று கேட்டாலே தோட்டக்காரர் மண்வெட்டியைத் தூக்குவார் என்பது.

முதலீட்டு வலயங்களை மறிக்க நான் வரமாட்டேன். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை நிறைய வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. வருகிற ஒவ்வொரு ஆலையிடமும் இரண்டு விசயத்தை எழுத்தில் வாங்குங்கள்: தண்ணீரை எங்கேயிருந்து எடுக்கப்போகிறீர்கள், பாவித்ததை எங்கே விடப்போகிறீர்கள். இரண்டுக்கும் "குழாய்க்கிணறு" என்று பதில் வந்தால், அந்த ஆலை கொண்டுவரும் நூறு வேலையோடு சுற்றிவர எத்தனை தோட்டம் கைவிடப்படும் என்றும் கணக்கெடுங்கள். கூட்டல் போலவே கழித்தலும் பொருளியல்தானே.

உங்கள் வகுப்புக்கு ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு காசு போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு மாதம் எழுதட்டும். போத்தல், வடிகட்டி, பவுசர், கொதிக்கவைக்கும் காஸ், எல்லாம். மீன்தொட்டிக்காரர் பாவிக்கும் நைத்திரேற்றுச் சோதனைப் பட்டி கிடைத்தால் கிணற்றையும் தொட்டுப் பார்க்கட்டும். அது துல்லியம் இல்லை, நிறத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லும், ஆனால் எந்தக் கிணற்றை ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரியவரும். தோட்டம் உள்ள வீடென்றால் போகத்துக்கு எத்தனை கிலோ யூரியா என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையே கணக்கைத் தொகுக்கட்டும். எனக்கு அனுப்பினால் இங்கேயே போடுகிறேன். வீட்டுக்காரரின் பெயரையும் ஒழுங்கையையும் மட்டும் எடுத்துவிடுங்கள், காணி விலை விழுந்துவிடும் என்று உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.